போர்வெல் தண்ணீரில் செல்கள் சாகவில்லை என்றால் அந்தத் தண்ணீர் நச்சற்றது என்று எழுதலாமா?

பென்னாகரம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும்; வயதானவர்களில் சிலர் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்றாலும், காவிரித் தண்ணீர் வராத நாள்களில் எங்கள் ஊரில் மறுபடியும் போர் தண்ணீர்தான். எனவே இந்தத் தண்ணீரின் நச்சுத்தன்மையைச் செல் வளர்ப்பு முறையில் சோதிப்பதை என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

நான் சேகரித்த மாதிரிகளில் ஃபுளோரைடு மிக அதிகமாக இருந்ததில் லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் இருந்தது. எங்கள் கல்லூரியில் செல் வளர்ப்பு வசதி இல்லாததால் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அனுமதி வாங்கி, ஹெப் ஜி2 எனப்படும் மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களை 96 குழித் தட்டில் வளர்த்து, நுண்வடிகட்டியில் வடித்த தண்ணீரைச் செல்கள் வளரும் சத்துக் கரைசலான ஊடகத்தில் பத்தில் ஒரு பங்காகச் சேர்த்து 24 மணி நேரம் வைத்தேன். பிறகு, உயிருள்ள செல்கள் ஊதா நிறம் காட்டும் எம்.டி.டி. சோதனை செய்து, அந்த நிறத்தை 570 நானோமீட்டரில் அளந்தேன். ஒப்பீட்டுக்காகச் சோடியம் ஃபுளோரைடு கரைசலையும் ஏறுமுகச் செறிவுகளில் வைத்திருந்தேன்.

தண்ணீர் மாதிரிகள் எதிலும் செல்கள் சாகவில்லை. ஒன்றிரண்டு மாதிரிகளில், ஒப்பீட்டுக் குழிகளான கன்ட்ரோலைவிடச் சற்றுக் கூடுதலாகவே அளவு வந்தது. சோடியம் ஃபுளோரைடு வரிசையிலும் சில மில்லிமோலார் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் செறிவைக் குறிக்கும் அலகு) அளவைத் தாண்டிய பிறகே ஊதா நிறம் குறையத் தொடங்கியது. இதை வைத்து ‘இந்தத் தண்ணீர் மனிதச் செல்களுக்கு நச்சற்றது’ என்று முடிவுரை எழுதும்படி என் வழிகாட்டி சொல்கிறார். பாட்டியின் முழங்காலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. முடிவு தவறா, அல்லது முடிவைப் படிக்கும் விதம் தவறா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற நச்சியல் ஆசிரியர்:

அன்புள்ள மாணவிக்கு, அந்த வரியை எழுத வேண்டாம். உங்கள் அளவீடு தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்த அளவீடு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஃபுளோரைடின் அணு எடை 19. எனவே லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் என்பது 0.2 மில்லிமோலார், அதாவது 200 மைக்ரோமோலார். அதை நீங்கள் ஊடகத்தில் பத்தில் ஒரு பங்காகக் கலந்துவிட்டீர்கள். ஆகவே உங்கள் செல்கள் உண்மையில் பார்த்தது 20 மைக்ரோமோலார்தான், லிட்டருக்கு 0.38 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவே 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்சம் 1.5 மில்லிகிராம் என்று இருக்கும்போது, அந்தக் குழிக்குள் நீங்கள் ஊற்றியது நல்ல தண்ணீரின் அளவுக்கும் கீழே இருக்கிறது. செல்கள் சாகாததில் வியப்பில்லை. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். சோடியம் ஃபுளோரைடின் மூலக்கூறு எடை 42. அதில் ஃபுளோரைடின் பங்கு பாதிக்கும் குறைவு. ஆய்வுக் கட்டுரைகளில் சிலர் ஃபுளோரைடின் எடையையும் சிலர் உப்பின் எடையையும் தருவதால், இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் பலர். எல்லாவற்றையும் மோலார் கணக்கிலேயே எழுதுங்கள்.

ஆனால் கலக்காமல் முழுத் தண்ணீரையே கொடுத்திருந்தால் சரியாகியிருக்குமா என்றால், அங்கேதான் அடுத்த சிக்கல். கல்லீரல் செல் கிணற்றுத் தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை, ரத்தத்தைத்தான் பார்க்கிறது. குடிநீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறதோ, அதைத் தொடர்ந்து குடிக்கும் பெரியவர்களின் ரத்தப் பிளாஸ்மாவில் ஏறத்தாழ அத்தனை மைக்ரோமோலார் இருக்கும் என்பது வெகுகாலமாகப் பயன்படும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் ஊர்க்காரரின் ரத்தத்தில் 4 மைக்ரோமோலார் அளவே இருக்கும். நீங்கள் நீர்த்துப்போகச் செய்து கொடுத்த 20 மைக்ரோமோலார்கூட அதைப்போல ஐந்து மடங்கு. அதிலும் செல்கள் சாகவில்லை, சாகவும் சாகா. ஃபுளோரைடு மிகுதியால் பல்லிலும் எலும்பிலும் வரும் ஃபுளோரோசிஸ் என்பது ஒரே நாளில் செல்லைக் கொன்று வரும் நோய் அல்ல. உடம்பில் சேரும் ஃபுளோரைடில் ஏறக்குறைய 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்குகிறது. எலும்பையும் பல்லையும் ஆக்கும் ஹைட்ராக்ஸி அபடைட் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்து, எலும்பு தடித்து, தசைநார்களில் சுண்ணம் படிந்து, கடைசியில் மூட்டு அசையாமல் போகிறது. பல்லிலோ, ஈறுக்குள் பற்சிப்பி உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே பாதிப்பு முடிந்துவிடுகிறது. 24 மணி நேரத்தில் ஒரு கல்லீரல் செல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை இவற்றில் எதையும் தொடவே இல்லை.

அடுத்து எம்.டி.டி. பற்றி. மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல் ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகிறது என்பதையும், நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் மேல் ஊசி ஊசியாக அந்தப் படிகங்கள் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். நாம் அளப்பது செல்களின் எண்ணிக்கையை அல்ல. சாயத்தை ஒடுக்கும் (எலெக்ட்ரான் கொடுத்து நிறம் மாற்றும்) வளர்சிதை மாற்றத் திறனை. பெரும்பாலான வேதிப்பொருள்களுக்கு இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஃபுளோரைடு விஷயத்தில் கவலைப்பட வேண்டும். ரத்தச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஊற்றுகிறார்களே, அதற்குள் இருப்பது சோடியம் ஃபுளோரைடுதான். அது ஈனோலேஸ் நொதியைத் தடுத்து, குழாயிலுள்ள ரத்தச் செல்கள் குளுக்கோஸைத் தின்றுவிடாமல் காக்கிறது. அந்தக் குழாய்களில் வழக்கமாக உள்ள மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்பது சுமார் 60 மில்லிமோலார். உங்கள் வரிசையின் மேல்முனையில் சில மில்லிமோலாரிலேயே, செல் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் பெறும் கிளைகாலிசிஸ் ஓரளவு தடைபடலாம். அப்போது சாயத்தை ஒடுக்கத் தேவையான என்.ஏ.டி.எச். குறையும்; செல் சாகாமலேயே ஊதா நிறம் குறையும். ஆகவே அந்த வரிசைக்கு செல் உடைந்தால் வெளிவரும் எல்.டி.எச். நொதியின் கசிவையோ, உயிருள்ள செல் தேக்கிவைக்கும் நியூட்ரல் ரெட் சாயத்தின் உறிஞ்சலையோ இரண்டாவது சோதனையாகச் செய்யாமல் ‘இத்தனை மில்லிமோலாரில் பாதிச் செல்கள் இறந்தன’ என்று எழுதுவது சரியாகாது.

கன்ட்ரோலைவிடக் கூடுதலாக வந்த அளவைப் பார்த்து மகிழவும் வேண்டாம். தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதால் வரும் ஏற்ற இறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இல்லாமல் உண்மையான தூண்டலாகவே இருந்தாலும் அது நல்ல செய்தி ஆகாது. குறைந்த அளவு ஃபுளோரைடு எலும்பை உருவாக்கும் செல்களைப் பெருகச் செய்கிறது என்று கோழிக் கருவின் மண்டையோட்டுச் செல்களில் 1983இலேயே காட்டினார்கள். அதே நம்பிக்கையில் எலும்புத் தேய்மானத்துக்குச் சோடியம் ஃபுளோரைடைக் கொடுத்தும் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் வீதம் 4 ஆண்டுகள் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1990இல் வெளியானது. முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவுகள் கூடின. செல் செழித்தது, எலும்பு கனத்தது, ஆனால் வலுவிழந்தது.

கிருஷ்ணகிரி நீர்ப் பகுப்பாய்வாளர்:

ஐயா சொன்னதற்கு மேல் செல் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த 3.8 என்ற எண் எப்படி வந்தது? நிறமானி முறையில் சாயம் சேர்த்துப் பார்த்ததா, ஃபுளோரைடு அயனியை உணரும் எலெக்ட்ரோடில் பார்த்ததா? நம் பக்கத்துப் போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அலுமினியமும் இரும்பும் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறமானி முறையில் இவை குறுக்கிட்டு அளவைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். எலெக்ட்ரோடில் அளக்கும்போது பி.எச். அளவை 5-லிருந்து 5.5-க்குள் நிறுத்தி, பிணைப்பில் உள்ள ஃபுளோரைடை விடுவிக்கும் இடையகக் கரைசலைச் சேர்ப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தால் விட்டுவிட்டு, பாலிஎத்திலீன் புட்டியில் மறுபடி எடுங்கள். இன்னொரு முக்கியமான செய்தி: செல்லுக்குக் கொடுத்த ஊடகத்திலேயே ஃபுளோரைடை அளந்தீர்களா? தண்ணீரில் இருந்ததை மட்டும் எழுதிவிட்டு, ஊடகத்தில் இருந்ததைக் கணக்கால் நிரப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கிரானைட்டும், நைஸ் என்னும் உருமாறிய பாறையும் ஆன நிலம். பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீருக்கு வருகிறது. தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். கால்சியம் மிகுந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து அளவு ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஆகையால் ‘உப்புத் தண்ணீர்’ என்று ஊரில் ஒதுக்கும் கிணற்றைவிட, குடிக்க மென்மையாக இருக்கும் கிணற்றில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதுண்டு. வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் ஆய்வேட்டுக்கு இதனால் ஆகவேண்டியது என்னவென்றால், ஒவ்வொரு மாதிரிக்கும் ஃபுளோரைடு மட்டுமின்றி மொத்தக் கரைந்த உப்பு, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றையும் சேர்த்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் நாளை செல்களில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலும் அது எதனால் என்று உங்களால் சொல்ல முடியாது.

ஃபுளோரைடைப் பொறுத்தவரை தண்ணீர் குடிக்கத் தக்கதா என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் எலெக்ட்ரோடே போதும். அதற்குச் செல் தேவையில்லை.

பென்னாகரம் மாணவி:

இருவருக்கும் நன்றி. எலெக்ட்ரோடில் அளந்த எண்தான் அது. ஆனால் ஊடகத்தில் அளக்கவில்லை. பத்தில் ஒரு பங்காகச் சேர்த்ததற்குக் காரணம், அதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் ஊடகம் நீர்த்துப்போய்ச் செல்கள் அதனாலேயே வாடிவிடும் என்று அங்கே சொன்னார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. குடிநீருக்கு எலெக்ட்ரோடு போதும், நாள்பட்ட நோய்க்கு 24 மணி நேரச் செல் சோதனை பொருந்தாது என்றால், நச்சுத்தன்மைக்குச் செல் வளர்ப்பு எதற்குத்தான் பயன்படுகிறது? விலங்குகளுக்கு மாற்று என்று பாடத்தில் பெரிதாகப் படித்தோம். எங்கள் கல்லூரியில் விலங்கு ஆய்வுக்கு அனுமதியும் இல்லை, எனக்கு அதில் விருப்பமும் இல்லை. ஆய்வேட்டைக் கைவிட்டுவிட வேண்டியதுதானா?

ஓசூர் ஒப்பந்த ஆய்வகப் பணியாளர்:

கைவிட வேண்டாம். நான் அன்றாடம் செய்யும் வேலையே இதுதான் என்பதால் சொல்கிறேன்: செல்லில் கிடைக்கும் விடையை அப்படியே இறுதி விடையாக அரசுகள் ஏற்றுக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் சந்தேகம் தீரும்.

ஒரு பொருள் தோலை எரிச்சலூட்டுமா என்று பார்க்க முன்பு முயலின் முதுகை மழித்துத் தடவுவார்கள். இப்போது, சோதனை நெறிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 439ஆம் வழிகாட்டு நெறியின்படி, மனிதத் தோல் செல்களை அடுக்கடுக்காக வளர்த்துச் செய்த மேல்தோலின் மேல் அந்தப் பொருளை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் வைத்துக் கழுவிவிட்டு, ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து நீங்கள் செய்த அதே எம்.டி.டி. சோதனையைச் செய்கிறோம். உயிர்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேல் இல்லாவிட்டால் எரிச்சலூட்டி. வெயில் பட்டால் நச்சாகும் பொருள்களைக் கண்டறிய 432ஆம் நெறி இருக்கிறது. எலியின் 3டி3 நாரரும்புச் செல்களில் ஒரு தட்டைப் புற ஊதா ஒளியிலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்து, நியூட்ரல் ரெட் உறிஞ்சலை ஒப்பிடுகிறோம். உடம்புக்குள் வைக்கும் மருத்துவக் கருவிகளின் சாற்றைச் செல்களில் விட்டு, உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சாற்றல் உண்டு என்று பன்னாட்டுத் தரநெறியான ஐ.எஸ்.ஓ. 10993-இன் ஐந்தாம் பகுதி சொல்கிறது. இவற்றிலெல்லாம் உடம்பில் எந்தத் திசுவைப் பொருள் தொடுமோ, ஏறக்குறைய அதே திசுவைத்தான் தட்டிலும் தொடுகிறது. சோதனையில் தொடும் நேரமும் குறைவு. பாதிப்பும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இம்முறைகள் நிலைத்தன. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014இல் தடை செய்யப்பட்டபோது அந்தத் தொழில் நின்றுவிடாததற்கு இவையும் ஒரு காரணம். புதிய மருந்துகளுக்கும் செல் சார்ந்த முறைகளை ஏற்கும் வகையில் 2023இல் விதிகள் திருத்தப்பட்டன.

விழுங்கிய பொருள் ஆளைக் கொல்லுமா என்ற கேள்விக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே ஓ.இ.சி.டி. 2010இல் வெளியிட்ட 129ஆம் வழிகாட்டு ஆவணம், செல்களில் கிடைக்கும் ஐ.சி.50 அளவை (உயிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும் செறிவை) விலங்குச் சோதனையின் தொடக்க அளவை முடிவு செய்ய மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. அதனால் சாகும் எலிகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் விடை எலியிடமிருந்துதான் வருகிறது. செல் வளர்ப்புக்காரர்களே இவ்வளவு அடக்கமாகத்தான் பேசுகிறார்கள். கல்லூரி ஆய்வேடுகளில்தான் ‘மனிதர்க்குப் பாதுகாப்பானது’ என்ற வரியைத் துணிச்சலாக எழுதுகிறார்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரர்:

ஆராய்ச்சிக்காரர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம். கடைக்காரர் ஒருவர் ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் காட்டி, ‘இதை மனிதச் செல்லிலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை, முகமூடி இல்லாமலே அடிக்கலாம்’ என்கிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதை நம்பலாமா?

ஓசூர் ஒப்பந்த ஆய்வகப் பணியாளர்:

நம்ப வேண்டாம், ஐயா. அந்தப் பழமொழி ஒரே பானையில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். ஆர்கனோபாஸ்பேட் மருந்து ஆளைக் கொல்வது செல்லைக் கரைத்து அல்ல. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடனுக்குடன் சிதைக்க வேண்டிய கோலினெஸ்டரேஸ் நொதியை அது முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் வியர்வை, எச்சில், கண்மணி சுருங்கல், தசைத் துடிப்பு, இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழப்பு என்று ஆகிறது. தட்டில் தனியாகக் கிடக்கும் கல்லீரல் செல்லுக்கு மூச்சும் இல்லை, தசையும் இல்லை. அது நிம்மதியாகத்தான் இருக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் புட்டியில் இருக்கும் வடிவத்தைவிட, உடம்பின் நொதிகள் அவற்றை ஆக்சானாக மாற்றிய பிறகுதான் கொடியவை ஆகின்றன. மாணவி பயன்படுத்திய ஹெப் ஜி2 செல்களில் இப்படி மாற்றும் பி450 நொதிகள் மிகக் குறைவு. ஃபுளோரைடை எந்த நொதியும் மாற்ற வேண்டியதில்லை என்பதால் அவருடைய ஆய்வுக்கு இது குறையாகாது. பூச்சிமருந்துக்கு இது பெருங்குறை. செல்களை நம்பியே சோதிப்பதானால் நரம்புச் செல்லை வைத்து, சாவை அளக்காமல் அந்த நொதியின் செயலை அளக்க வேண்டும். நீங்கள் முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அடிக்காதீர்கள். காற்றுக்கு எதிர்முகமாக நிற்காதீர்கள். அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

ஓய்வுபெற்ற நச்சியல் ஆசிரியர்:

ஓசூர் நண்பர் நன்றாகச் சொன்னார். மாணவியின் ஆய்வேட்டுக்குத் திரும்புகிறேன், அதைக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது.

தண்ணீர் ‘நச்சா, நச்சில்லையா’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு தவிர வேறு எதுவும் செல்லைத் தாக்குகிறதா என்று கேளுங்கள். அதற்குச் செல் வளர்ப்பு மிகப் பொருத்தமான கருவி. ஏனென்றால் எலெக்ட்ரோடு நாம் கேட்ட அயனியை மட்டும் சொல்லும்; செல், பெயர் தெரியாத பொருளுக்கும் எதிர்வினை காட்டும். நீர்த்துப்போகும் சிக்கலுக்கு விடை எளிது. திரவ ஊடகத்தில் தண்ணீரைக் கலக்காமல், தூள் வடிவில் விற்கும் டி.எம்.இ.எம். ஊடகத்தை உங்கள் மாதிரித் தண்ணீரிலேயே கரையுங்கள். பைகார்பனேட் சேர்த்து, பி.எச். சரிசெய்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 10 விழுக்காடு சீரம் சேர்த்தால் மாதிரியின் 90 விழுக்காடு செல்லைச் சேரும். கன்ட்ரோலுக்கு அதே தூளை மீத்தூய நீரில் கரையுங்கள்.

ஆனால் அந்த ஒரு கன்ட்ரோல் போதாது. லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புக் கரைந்த தண்ணீர் என்றால், அத்தனையும் சோடியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால்கூட ஊடகத்தின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு) சுமார் 50 மில்லியாஸ்மோல் ஏறிவிடும். வழக்கமான ஊடகங்கள் ஏறத்தாழ 280-க்கும் 340-க்கும் இடையே இருப்பவை. செல்கள் அந்த ஏற்றத்தாலேயே வேகம் குறைந்து வளரலாம். பழியை ஃபுளோரைடின் மேல் போட்டுவிடுவீர்கள். எனவே கிருஷ்ணகிரி நண்பர் கேட்ட உப்புப் பட்டியலை வைத்து, மீத்தூய நீரில் ஃபுளோரைடு நீங்கலாக மற்ற உப்புகளை அதே அளவில் சேர்த்து ஒரு செயற்கைத் தண்ணீர் செய்யுங்கள். அதிலேயே 0.2 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு சேர்த்து இன்னொன்று செய்யுங்கள். இந்த இரண்டோடும் ஊர்த் தண்ணீரை ஒப்பிட்டால்தான், உப்பால் வந்தது எது, ஃபுளோரைடால் வந்தது எது, இரண்டிலும் சேராதது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். சோடியம் ஃபுளோரைடு வரிசைக்கும் சம மோலார் சோடியம் குளோரைடு வரிசை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஓரக் குழிகளில் செல் போடாமல் இடையக உப்புக் கரைசலை நிரப்பிவிடுங்கள்.

செல் எது என்பதில் உங்கள் ஆய்வகத்தின் வசதியைப் பார்த்து முடிவெடுங்கள். குடலின் உட்பக்கச் செல் தண்ணீரை நேராகப் பார்க்கிறது என்பதால் மனிதக் குடற்புற்றுச் செல்லான காக்கோ-2 நியாயமான தேர்வு. இரைப்பையில் நடப்பதைத் தட்டில் காட்டுவது கடினம். அங்கே அமிலச் சூழலில் ஃபுளோரைடு பெரும்பாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறிச் சவ்வை எளிதில் கடக்கிறது, 7.4 பி.எச். உள்ள உங்கள் ஊடகத்திலோ ஏறக்குறைய முழுதும் அயனியாகவே நிற்கிறது. எலும்பைத் தொட வேண்டும் என்றால் மனித எலும்புப் புற்றுச் செல்களான சாவோஸ்-2 செல்களை எடுத்து, அஸ்கார்பிக் அமிலமும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் கொடுத்து மூன்று வாரம் வளர்த்து, எலும்பு உருவாவதைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியையும் அலிசரின் சிவப்பில் தெரியும் கனிமப் படிவையும் பாருங்கள். செறிவை 2, 5, 10, 20 மைக்ரோமோலார் என்று ரத்தத்தின் அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். எலும்பு கரையும் இடத்தில் உள்ளூர்ச் செறிவு ரத்தத்தைவிட உயரக்கூடும் என்பதால் 200 வரை ஏறலாம்; அதற்கு மேல் போக இந்தக் கேள்விக்கு அவசியம் இல்லை. மூன்று வாரத்துக்கு அனுமதியும் பணமும் கிடைக்காது என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அரைகுறையாக ஒரு வாரம் செய்து எழுதாதீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே செய்த சோடியம் ஃபுளோரைடு வரிசையை வீணாக்க வேண்டாம். ஆனால் பழைய தட்டுகளின் எண்களைத் தரும்போது ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். டி.எம்.இ.எம். ஊடகத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. கரைதிறன் பெருக்கத்தின்படி கணக்கிட்டால், சில மில்லிமோலார் ஃபுளோரைடு சேரும்போது அந்த ஊடகம் கால்சியம் ஃபுளோரைடுக்கு மிகைத்தெவிட்டு நிலையில், அதாவது கரைந்து நிற்கக்கூடியதைவிட மிகுதியாக, இருக்கும். வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல வரலாம். வந்தால் கரைந்த ஃபுளோரைடும் குறையும், செல்லுக்கு வேண்டிய கால்சியமும் குறையும். ஆகவே 24 மணி நேர முடிவில் மேல்முனைக் குழிகளின் ஊடகத்தை எடுத்து, ஃபுளோரைடை எலெக்ட்ரோடிலும் கால்சியத்தை டைட்ரேஷனிலும் அளந்து, சேர்த்த அளவுக்குப் பக்கத்தில் எஞ்சிய அளவையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள். ஒரு குழியின் ஊடகம் எலெக்ட்ரோடுக்குப் போதாது என்பதால் ஒரே செறிவுள்ள குழிகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.